ரயானின் சட்டைப் பையில் இருந்த சீப்பு

அப்துல் சுபஹான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது நல்ல எண்ணத்தில் அல்ல. ஊரில் அவரைப் பெரிய மனசுக்காரர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். சனி ஞாயிறு என்றால் வண்டிக்கு ஓய்வே கிடையாது. செவ்வாய், புதன் சவாரி அவ்வளவாக இருக்காது. அந்த நாட்களில் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பைக்குள் நாலைந்து வெள்ளைத் துணி, இரண்டு ரோல் பேண்டேஜ், ஒரு டார்ச் லைட், உரித்த தேங்காய் ஒன்று. திருவிடந்தையிலிருந்து கல்பாக்கம் வரை கடலோரத்தில் இருக்கிற பள்ளிக்கூடங்களில் பாதிக்கு மேல் அவருடைய தேங்காயைப் பார்த்துவிட்டன. பிள்ளைகள் அவரை ‘பாய் சார்’ என்று கூப்பிடுவார்கள். பாய் என்பதா சார் என்பதா என்று குழம்பி, இரண்டையும் சேர்த்துக்கொண்டது அந்தப் பிள்ளைகளின் சமத்து.

தேங்காயை ஒரு பிள்ளையின் காதருகே வைத்து ஆட்டுவார்.

“இன்னா சத்தம் கேக்குது?”

“தண்ணி, பாய் சார்!”

“ஓடு ஒடஞ்சிதா?”

“இல்ல!”

“ஒடையல. ஆனா உள்ள கலங்குது பார்த்தியா? நம்ம தலையும் அப்படித்தான். வெளிய ஒரு கீறல் இருக்காது, ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. உள்ள கலங்கிப் போயிருக்கும்.”

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்வார். விழுந்தவனை உடனே தூக்கி நிறுத்தாதே. பிடித்து உலுக்காதே. வீங்கின இடத்தை உள்ளங்கையால் தேய்க்காதே. நம் ஊரில் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டால் ஆளுக்கொரு வைத்தியர் முளைத்துவிடுவார், ஒருவர் காபித்தூள் என்பார், ஒருவர் சர்க்கரை என்பார், யார் பேச்சையும் கேட்காதே. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து மெதுவாக அழுத்து. எலும்பு அமுங்கினாற்போல இருந்தால் அழுத்தவும் கூடாது. வாந்தி எடுக்கிறானா, பேச்சு குழறுகிறதா, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிகிறதா, நேரமில்லாத நேரத்தில் தூக்கம் வருகிறது என்கிறானா என்று பார். தனியாக விடாதே. 108-க்குக் கூப்பிடு. கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர் ஒருவரிடம் ஓடிப்போய்ச் சொல்.

அந்த இடத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் யாராவது ஒரு வாண்டு எழுந்து அதே கேள்வியைக் கேட்கும்: “சொன்னா அடிக்க மாட்டாங்களா, பாய் சார்?”

சுபஹானால் அதற்கு மட்டும் சரியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. “அடிச்சாலும் பரவால்ல, சொல்லு” என்று முடித்துவிடுவார். தேங்காயை உடைத்து ஆளுக்கொரு சில்லு கொடுப்பார். பிள்ளைகள் தின்றுகொண்டிருக்கும்போது பையின் அடியில் கைவிட்டு ஒரு சீப்பை எடுப்பார். ரோஸ் நிறம், உள்ளங்கை அளவு, மூன்று பல் உடைந்தது.

“இது யாருதுன்னு யாருக்காவது தெரியுமா?”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும், சிரிக்கும். யாருக்கும் தெரியாது. சீப்பு மறுபடி பைக்குள் போகும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் முதலுதவி, தேங்காய், எல்லாமே.

அவருக்கு ரயான் என்று ஒரு மகன் இருந்தான். ஒரே மகன், நாலாம் வகுப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால், முழுப் பரீட்சையின் கடைசி நாள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. தலை ஈரமாக இருந்தது. முடியைப் படியப் படிய வாரியிருந்தான். அம்மா ஃபக்ருன்னிசா அவனுக்கு எப்போதும் இடப்பக்கம் வகிடு எடுப்பாள். அன்று வகிடு வலப்பக்கம் இருந்தது.

“யாருடா உனக்குத் தல வாரினது?” என்று கேட்டாள்.

“நான்தாம்மா” என்றான். தூக்கம் வருகிறது என்று போய்ப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு சுபஹான் சவாரி முடித்து வந்தார். அன்றைக்கு ஏதோ எரிச்சல், வண்டியின் கண்ணாடியை எவனோ உடைத்துவிட்டுப் போயிருந்தான். அவருக்கு எப்போதுமே மூக்கின் மேல் கோபம். பொழுது சாயும் நேரத்தில் பையன் பாயில் கிடந்ததைப் பார்த்ததும் “லீவு வுட்டவொடனே ஆரம்பிச்சிட்டியா?” என்று கேட்டபடி, நடுவிரலை மடக்கி அவன் உச்சந்தலையில் ஒரு குட்டு குட்டினார்.

நம் வீடுகளில் குட்டை யாரும் அடி என்று நினைப்பதில்லை. போகிறபோக்கில் அத்தா குட்டுவார், அண்ணன் குட்டுவான், வாத்தியார் குட்டுவார். குட்டு வாங்காத தலை இந்த ஜில்லாவிலேயே இருக்காது. ரயான் அழவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுருண்டான். ஒரு மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தான். பீச்சில் கண்டதையும் தின்றிருப்பான் என்று ஃபக்ருன்னிசா ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தாள். காலையில் பாங்கு சொல்லும் நேரத்துக்கு எழுப்பினார்கள், எழவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்து உறைந்திருக்கிறது, பலமான அடி, எப்படிப் பட்டது என்று டாக்டர் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னார் சுபஹான். இரண்டு நாள் கழித்து ரயானை அடக்கம் செய்தார்கள். மூன்றாம் நாள் அவன் சட்டையைத் துவைக்க எடுத்த ஃபக்ருன்னிசா, பையிலிருந்து இந்தச் சீப்பை எடுத்து வந்து கணவரிடம் நீட்டினாள். அது அவர்கள் வீட்டுச் சீப்பு இல்லை.

அன்றிலிருந்து அவர் மனதில் ஒரே கணக்குதான். யாரோ அவனோடு இருந்திருக்கிறார்கள். தலையைக் கழுவி, வாரிவிட்டு, வீட்டில் தெரியாமல் மறைத்து அனுப்பியிருக்கிறார்கள். அப்படியென்றால் அவன் ஏற்கெனவே விழுந்திருக்கிறான். எவ்வளவு பலமாக விழுந்தான்? சும்மா சறுக்கி ஒரு சின்ன வீக்கமா, இல்லை உயிர் போகிற அடியா? சின்ன வீக்கம்தான் என்றால் பிள்ளையைக் கொன்றது அவருடைய விரல் முட்டி. பெரிய அடி என்றால் அவர் இல்லை. இதைச் சொல்லக்கூடிய ஆள் இந்தச் சீப்பின் சொந்தக்காரர் ஒருவர்தான். அந்த ஆளைக் கண்டால் கழுத்தைப் பிடித்து “ஏன் வந்து சொல்லல?” என்று கேட்கவேண்டும் என்றும் இருந்தது. அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது, விடுதலையும், வைவதற்கு ஓர் ஆளும்.

குட்டின விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஃபக்ருன்னிசா அப்போது அடுப்படியில் இருந்தாள், அவளுக்கும் தெரியாது. செங்கல்பட்டில் வேன் டிரைவர்களுக்கு நடந்த முதலுதவிப் பயிற்சிக்குப் போனபோது மட்டும் ஒரு தடவை சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தார்: “சார், சும்மா ஒரு குட்டு வெச்சா இன்னா ஆவும்?” பயிற்சியாளர் “குழந்தைங்க தலையில கை வைக்கவே கூடாதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அது பதில் இல்லை.

முதலில் ரயானின் வகுப்புப் பையன்களை ஒருவர் விடாமல் கேட்டார். பயனில்லை. பிறகு தெருப் பிள்ளைகளை, பிறகு பக்கத்து ஊர்களை. சும்மா போய்ச் சீப்பைக் காட்டினால் பைத்தியம் என்பார்கள். முதலுதவி என்றால் கதவு திறக்கிறது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார் என்று சொல்வார்களே, அப்படி நாலு வருஷம்.

போன ஆவணி மாதம் செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதலுதவி சொல்லிக்கொடுக்கக் கடற்கரையை விட்டு அவ்வளவு தூரம் அவர் போனதில்லை. அந்தப் பள்ளியில் ஒரு பையன் புளியமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்திருந்தான், அதனால் ஏழாம் வகுப்பு டீச்சர் ஜெஸ்ஸி யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் செய்திருந்தார்.

வழக்கம்போல எல்லாம் நடந்தது. தேங்காய் ஆடியது, பிள்ளைகள் சிரித்தன. ஒருவன் அடிபட்டவன் மாதிரி படுத்துக்கொண்டு செத்துப்போனதாக நாக்கைத் தள்ளினான், டீச்சர் அதட்டினார். சுபஹான் எல்லாப் பள்ளியிலும் சொல்கிற அந்தக் கடைசிப் பேச்சையும் சொன்னார்.

“எங்க ஊர்ல ஒரு புள்ள. ஒன்பது வயசு. தலையில அடிபட்டுச்சு. கூட இருந்தவங்க யாரோ வூட்ல தெரியாம மறைச்சி வுட்டாங்க. ஒரே ஒருத்தர் வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தப் புள்ள இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான்.”

யார் பிள்ளை என்று அவர் எப்போதும் சொல்வதில்லை. தேங்காய்ச் சில்லைக் கொடுத்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கை நீட்டவில்லை. கூச்சம் போல என்று நினைத்து பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்தார். பிறகு சீப்பை எடுத்தார், கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, வகுப்பு காலியானது.

அந்தப் பெண் மட்டும் எழவில்லை. தேங்காய்ச் சில்லும் பெஞ்சில் வைத்தபடியே இருந்தது. ஜெஸ்ஸி டீச்சர் பக்கத்தில் போய், “சிநேகா, சாப்பிடப் போகலையா? உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். அவள் டீச்சரைப் பார்க்கவில்லை, சுபஹானைப் பார்த்தாள்.

“நீங்க ரயானோட அத்தாவா?”

நாலு வருஷமாக அந்தப் பெயரை அவர் ஒரு பள்ளிக்கூடத்திலும் சொன்னதில்லை. பை தோளிலிருந்து நழுவியது.

“அது என் சீப்பு” என்றாள் சிநேகா.

கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாரே, அந்தக் கழுத்து இரண்டு ரிப்பன் பின்னலுக்கு நடுவில் குச்சி மாதிரி இருந்தது. பன்னிரண்டு வயசு. அப்போது எட்டு வயசு. சுபஹான் அவளுக்கு எதிரே, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் ஜன்னலோரமாக நின்றுகொண்டார்.

அவள் கோவையாகச் சொல்லவில்லை. விட்டு விட்டுச் சொன்னாள். அவர்கள் அப்போது மாமல்லபுரத்தில் பின் தெருவில் குடியிருந்தார்கள். ரயானும் அவளும் ஸ்கூல் விட்டு ஒரே வழியில் வருவார்கள். அன்று லீவு விட்ட சந்தோஷத்தில் குன்றுப் பக்கம் பாறையில் சறுக்கி விளையாடப் போனார்கள். எல்லோரும் சறுக்குகிற பாறையை விட்டு, அவன் பக்கத்தில் இருந்த உயரமான பாறையில் ஏறினான்.

“ரெண்டு ஆள் உசரம் இருக்கும். செருப்பு வழுக்கி மல்லாக்க வுழுந்தான். கீழயும் கல்லுதான். சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கண்ணே தொறக்கல. நான் அழுதுகினே உலுக்கினேன், அப்புறம் தொறந்துட்டான்.”

இரண்டு ஆள் உயரம். மல்லாக்க. கண் திறக்கவில்லை. நான் இல்லை, என் கை இல்லை என்று சுபஹானுக்கு உள்ளே ஏதோ கத்தியது. நாலு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து அவர் பிற்பாடு வெட்கப்பட்டார், இன்றும் வெட்கப்படுகிறார்.

“அப்பவே யார்கிட்டயாவது ஓடிப்போய் சொல்லியிருக்கலாமே, கண்ணு?” என்றார். வையவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார், குரல் அப்படி வரவில்லை.

“சொல்றேன்னுதான் சொன்னேன். அவன் உட மாட்டேன்ட்டான். அவன் தல மேல என் கைய எடுத்து வெச்சி சத்தியம் வாங்கிட்டான். சொன்னா அவன் தல வெடிச்சிடும்னான்.”

“ஏன் சொல்லக்கூடாதாம்?”

சிநேகா தலையைக் குனிந்துகொண்டாள். “எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா குட்டுவாரு. அடிபட்ட எடத்துலயே குட்டுவாரு, ரொம்ப வலிக்கும்னான்.”

ஜன்னலுக்கு வெளியே தட்டுகள் உருளும் சத்தம் கேட்டது. சுபஹான் தன் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவளே தொடர்ந்தாள். குழாயடியில் அவன் தலையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிவிட்டிருக்கிறாள். தன் பையில் இருந்த சீப்பால், வீக்கம் வெளியே தெரியாதபடி, அவனுக்கு எதிரே நின்று வாரிவிட்டிருக்கிறாள். கலைந்தால் வாரிக்கொள் என்று சீப்பை அவன் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்பியிருக்கிறாள். வகிடு ஏன் பக்கம் மாறியது என்று ஃபக்ருன்னிசா நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், இதுதான் காரணம்: எதிரே நின்று வாரினவளின் இடப்பக்கம் அவனுக்கு வலப்பக்கம். பத்து நாளில் சிநேகாவின் அப்பா கலையரசனுக்கு மறைமலைநகரில் கம்பெனி வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

“நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க அம்மாகிட்டகூட சொல்லல. வர்ற வழியில பெருமாள் கோயிலாண்ட நின்னு, சாமிகிட்ட மட்டும் மனசுக்குள்ள சொன்னேன். ரயானுக்கு அடிபட்டுடுச்சு, பார்த்துக்கோன்னு. சாமிகிட்ட சொன்னதாலதான் சத்தியம் ஒடஞ்சி அவன் தல வெடிச்சிடுச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்.”

அவள் உதடு கோணியது. “அப்படி இல்லியா? இன்னிக்குத்தான் நீங்க சொன்னீங்க. நான் சொல்லியிருந்தா அவன் இருந்திருப்பானா?”

நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்களில் அந்த வாக்கியத்தைச் சொன்னவர் அவர்தான். யார் மேலாவது போய்த் தைக்கட்டும் என்றுதான் சொன்னார். அது வந்து தைத்திருக்கிற இடத்தைப் பார்த்தார். சொன்னதற்காக நாலு வருஷம் தன்னையே கொலைகாரி என்று நினைத்த பிள்ளை, இனி சொல்லாததற்காக ஆயுசு முழுக்க நினைக்கப்போகிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வீட்டுக்குச் சுத்தமான கையோடு போகலாம். அதைத் தேடித்தான் வந்திருந்தார்.

“இல்ல கண்ணு” என்றார். “அது சும்மா, மத்த புள்ளைங்க பயப்படணும்னு சொல்றது. ரயான் வூட்டுக்கு நல்லாத்தான் வந்தான். பேசினான், நடந்தான். நான்தான் வந்து தலையில குட்டுனேன். பலமா குட்டுனேன். அதுக்கப்புறம்தான் வாந்தி எடுத்தான். அதனாலதான் போனான். நீ ஒண்ணும் பண்ணல. நீ கழுவி வுட்ட, வாரி வுட்ட, சாமிகிட்ட வேண்டிகின. அவ்ளோதான்.”

சிநேகா அவரையே பார்த்தாள். நம்பலாமா என்று பிள்ளைகள் பெரியவர்களைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, எட்டு வயசிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். டீச்சர் வந்து அவள் முதுகில் கையை வைத்தார். சுபஹான் சீப்பை அவள் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

கேட் வரைக்கும் ஜெஸ்ஸி டீச்சர் கூடவே வந்தார். “பாய், நீங்க அவகிட்ட சொன்னது உண்மையா?”

“குட்டுனது நெசம் டீச்சர்” என்றார் சுபஹான். “இனிமே யாராவது சத்தியம் வாங்கினா அதையும் வந்து சொல்லிடணும்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க. அத நான் இத்தினி நாளா சொல்லிக் குடுக்கல.”

வேனை எங்கும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்தார். ஃபக்ருன்னிசா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பையை வாங்கி வழக்கம்போல வெள்ளைத் துணிகளைத் துவைக்க எடுத்தாள். அடியில் தடவிப் பார்த்தாள்.

“சீப்பு எங்கங்க?”

அவர் சுவரோரம் உட்கார்ந்தார். பெண்ணைக் கண்டது, பாறை, சத்தியம், கோயில் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், அந்தப் பெண்ணிடம் சொன்னதையும் சொன்னார். குட்டு என்ற வார்த்தை வந்ததும் அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஃபக்ருன்னிசா மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அடுப்படி இன்னா பக்கத்து ஊர்லயா கீது? சத்தம் கேட்டுச்சு.”

“நாலு வருஷமாவா? ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டிருந்தா நீங்களும் இருந்திருக்க மாட்டீங்க. எனக்குன்னு யாருங்க கீறாங்க?” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நான் மட்டும் இன்னா? வகிடு மாறியிருந்தத பார்த்தேன். வாந்தி எடுத்தத பார்த்தேன். ஓமத் தண்ணி குடுத்துத் தூங்க வெச்சேன்.”

ரயான் போன நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது இல்லை. ஒருவர் அழும்போது இன்னொருவர் வெளியே போய்விடுவார். அன்று யாரும் வெளியே போகவில்லை. வெயில் இறங்கி, தெருவில் பிள்ளைகள் விளையாட வந்து, பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

“வர்ற புதன்கெழம என்னை அந்த ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள் ஃபக்ருன்னிசா.

“எதுக்கு?” என்று கேட்டார். பயமாக இருந்தது அவருக்கு. “அந்தப் புள்ளைய ஒண்ணும் கேட்டுடாத.”

“கேக்குறதுக்கு இல்ல. அன்னிக்கு அவன் வூட்டுக்குள்ள வந்தப்ப எவ்ளோ அழகா இருந்தான் தெரியுமா? நான்கூட ஒரு நாளும் அப்படி வாரி வுட்டதில்ல. அத அவகிட்ட சொல்லணும்.”

சுபஹான் தலையை ஆட்டினார். புதன்கிழமை தனக்குச் சவாரி எதுவும் வேண்டாம் என்று டிராவல்ஸுக்கு அப்போதே போன் செய்து சொல்லிவிட்டார்.